400 வாட் ஆர்எம்எஸ் சப்வூஃபருக்கு 500 வாட் ஆம்ப்: எதுவரை கொடுக்கலாம்?

கேள்வி: கொங்குச்சாலை

அனைவருக்கும் வணக்கம். என் ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் ஒன்றை அண்மையில் பொருத்தியிருக்கிறேன். அதன் அட்டைப்பெட்டியில் 1400 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த கையேட்டிலோ ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் சராசரி அளவு) 400 வாட் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 4 ஓம் வாய்ஸ் காயில்கள் (ஸ்பீக்கரை அசைக்கும் செம்புச் சுருள்கள்) இரண்டு கொண்ட மாடல் அது. மோனோபிளாக் ஆம்ப்ளிஃபையரின் மேல் 2000 வாட் என்று பொறித்திருந்தாலும், அதன் கையேடு 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட் என்றுதான் சொல்கிறது. 2 ஓமுக்குக் கீழே இணைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. பக்கவாட்டில் 30 ஆம்பியர் ஃபியூஸ்கள் இரண்டு செருகப்பட்டுள்ளன. காயில்கள் இரண்டையும் பேரலலாக இணைத்து 2 ஓம் ஆக்கிக் கொடுத்திருக்கிறார் கடைக்காரர்.

பெட்டியை எங்கள் தெருத் தச்சரிடம் சொல்லிச் செய்தேன். சப்வூஃபரும் குழாயும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் உள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர் வருகிறது. 4 அங்குல பிவிசி குழாயை 8 அங்குல நீளத்துக்கு வெட்டி போர்ட்டாக வைத்திருக்கிறோம்.

நெடுஞ்சாலையில் சத்தமாகப் பாட்டு வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போனால் பேஸ் மெல்ல மெல்ல மெலிகிறது. ஒலியளவைக் கூட்டினால் திரும்ப வருகிறது. ஆனால் அப்படிக் கூட்டிக்கொண்டே போன ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு டிக்கியைத் திறந்தபோது வார்னிஷ் கருகியதைப் போன்ற வாடை அடித்தது. போதாக்குறைக்கு, சில பாடல்களில் மிகக் கீழான பேஸ் வரும் இடத்தில் 'டக், டக்' என்று எதுவோ உள்ளே இடிப்பது போலவும் கேட்கிறது. "1400 வாட் தாங்கும் சப்புக்கு 500 எம்மாத்திரம், தாராளமாகக் கூட்டுங்கள்" என்கிறார் பொருத்திக் கொடுத்தவர். இன்னொரு கடையிலோ, 400 வாட் சப்புக்கு 500 வாட் ஆம்ப் வைத்ததே தவறு, எப்படியும் எரியத்தான் போகிறது என்கிறார்கள். உண்மையில் இந்தச் சப்வூஃபருக்கு எத்தனை வாட் வரை பயமில்லாமல் கொடுக்கலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: செம்புச்சுருள்

வணக்கம் நண்பரே. முதலில் அந்த வாடையைக் கவனியுங்கள், ஏனென்றால் அது காயில் கம்பியின் மேற்பூச்சும் அதை ஒட்டியிருக்கும் பசையும் சூடேறி வரும் வாடை. அளந்து சரிசெய்யும் வரை ஒலியைப் பாதியில் வைத்துக் கேளுங்கள்.

சப்வூஃபருக்குள் போகும் மின்சக்தியில் ஒலியாக வெளிவருவது நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். மற்றதெல்லாம் வாய்ஸ் காயிலில் வெப்பமாகிவிடுகிறது. ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு மூன்று அங்குல விட்டமுள்ள ஒரு செம்புச் சுருளுக்குள் 400 வாட்டைத் தொடர்ந்து செலுத்துவது என்ன காரியம் என்று புரியும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் உயரும். காயில் 150 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை 1.6 மடங்கை ஒட்டி வந்துவிடும். ஆம்ப் அதே வோல்டேஜைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும், ஆனால் காயிலில் ஓடும் மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் உங்கள் பேஸ் மெலிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. மெலிந்ததை ஈடுகட்ட நீங்கள் ஒலியைக் கூட்ட, காயில் இன்னும் சூடாக, தடை இன்னும் ஏற, கடைசியில் பூச்சு கருகி சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வரை அது போகும். பேஸ் குறைந்தால் கூட்டக் கூடாது, பத்து நிமிடம் குறைத்து வைக்க வேண்டும்.

இனி 1400 என்ற எண். அதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்களுக்கு அது பயன்படாத உண்மை. ஒலிப் பொறியாளர்கள் கழகமான ஏஇஎஸ் 1984-இல் வெளியிட்ட ஸ்பீக்கர் சோதனை முறையில், பிங்க் நாய்ஸ் எனப்படும் இரைச்சலை 2 மணி நேரம் தொடர்ந்து செலுத்தி, அதன் பிறகும் ஸ்பீக்கர் நிரந்தர மாற்றமில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த இரைச்சலின் உச்ச வோல்டேஜ் அதன் ஆர்எம்எஸ் வோல்டேஜைப் போல இரு மடங்கு. சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சராசரியாக 400 வாட் தாங்கும் ஸ்பீக்கர் அந்தச் சோதனையில் கணப்பொழுதுகளுக்கு 1600 வாட்டையும் பார்த்துவிடுகிறது. அட்டைப்பெட்டிகளில் ஆர்எம்எஸ்ஸைப் போல மூன்றரை, நான்கு மடங்கு எண்கள் தென்படுவதற்கு இப்படி ஒரு நியாயம் கற்பிக்கலாம். பறை ஒரு அடி அடித்து ஓயும் அந்தக் கணத்தில் 1400 வாட் போனால் சப் தாங்கும். ஒரே சுருதியில் விடாமல் இழுக்கும் எலெக்ட்ரானிக் பேஸில் அதில் பாதி போனாலே தாங்காது.

ஆம்ப்பின் 2000-ஐ நான் மறுபேச்சில்லாமல் ஒதுக்கிவிடுவேன். 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு என்றால் 60 ஆம்பியர், 14.4 வோல்ட்டில் அது 864 வாட் உள்ளே இழுக்கும். டி வகுப்பு ஆம்ப்பின் திறன் நூற்றுக்கு 80 என்று தாராளமாக வைத்தாலும் வெளியே 700 வாட்டுக்கு மேல் தொடர்ந்து வர வழியில்லை. கையேடு சொல்லும் 500 நேர்மையான எண்ணாகவே படுகிறது. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபையர்களின் வாட் விளம்பரத்துக்கு 1974-லேயே அரசு விதி வந்துவிட்டது, ஆனால் காருக்கு அது பொருந்தவில்லை, 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவு என்று வரையறுத்து சிஇஏ-2006 என்ற தரநிலை 2003-இல்தான் வந்தது, அதுவும் நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில். வாங்கும்போது பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது, கடைக்காரரிடம் வாட் கேட்பதைவிட மேல்.

பதில்: இரட்டைப்பங்கு

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் 500 வாட் ஆம்ப் அதிகம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நான் எப்போதும் சப்பின் ஆர்எம்எஸ்ஸைவிட ஒன்றரை மடங்கு பெரிய ஆம்ப்தான் வைப்பேன். சின்ன ஆம்ப்பை வைத்துத் திணறவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு, அதுவே காயிலை எரித்துவிடும். வாட் குறைவாகக் கொடுத்தால்தான் சப் எரியும் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி.

பதில்: செம்புச்சுருள்

இரட்டைப்பங்கு அவர்களே, நீங்கள் சொல்வதில் பாதி சரி. சைன் அலையின் தலையை முழுக்க வெட்டிச் சதுர அலையாக்கினால், அதே உச்ச வோல்டேஜில் சக்தி இரு மடங்காகிறது. ஆகவே 250 வாட் ஆம்ப்பைக் கடைசி வரை முறுக்கினால் அது 500 வாட்டை நெருங்கும். 400 வாட் காயில் எரிவது அந்த 500-ஆல்தான். வெட்டுப்பட்ட அலைக்கு வேறு தனி விஷம் எதுவும் இல்லை. 100 வாட் ஆம்ப்பை எவ்வளவு திணறவிட்டாலும் 200-க்கு மேல் வராது என்பதால் 400 வாட் காயிலை அதனால் எரிக்க முடியாது, காதுக்குத்தான் கேடு. குறைவான வாட் எரிக்கும் என்று பொதுவாகச் சொல்லும்போது, கேட்பவர் இன்னும் பெரிய ஆம்ப்பை வாங்கி அதையும் முறுக்கிவிடுகிறார்.

பெரிய ஆம்ப் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கெயினைக் குறைத்து வைக்கும் கட்டுப்பாடு உள்ளவருக்கு மட்டும். நண்பரின் 500 வாட் ஆம்ப் அந்த வகையில் பொருத்தமான அளவே.

பதில்: பட்டறைவாசி

மதுரைப் பக்கம் நீண்ட காலமாகக் கார் ஆடியோ வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பட்டறைக்கு வரும் எரிந்த சப்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஆம்ப்பின் அளவன்று, கெயின் குமிழை ஒலியளவுக் குமிழ் என்று எண்ணித் திருகியதுதான். ஹெட் யூனிட், அதாவது டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ, எத்தனை வோல்ட் அனுப்பினால் ஆம்ப் தன் முழுச் சக்தியையும் எட்ட வேண்டும் என்பதைத்தான் கெயின் தீர்மானிக்கிறது. குமிழைப் பாதியில் வைத்தால் பாதி வாட் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சக்தி என்பது வோல்டேஜின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வருவது. ஆகவே ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். உங்கள் 2 ஓம் இணைப்பில் 300 வாட்டுக்கு 24.5 வோல்ட், 400 வாட்டுக்கு 28.3 வோல்ட், 500 வாட்டுக்கு 31.6 வோல்ட். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஹெட் யூனிட்டிலும் ஆம்ப்பிலும் உள்ள பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் அனைத்தையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹெட் யூனிட்டின் ஒலியளவை நீங்கள் எந்நாளும் தாண்டாத இடத்தில், அதாவது 40 வரை உள்ள யூனிட் என்றால் 30 அல்லது 32-இல், வைத்துக்கொண்டு, 0 டெசிபலில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக்கோப்பை ஓட்டி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் அளந்தபடியே கெயினைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றி, 24.5-இல் நிறுத்திவிடுங்கள். 28-க்குப் போகாமல் 24.5 என்று நான் சொல்வதற்குக் காரணம், வாடை வந்த காயிலுக்குக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்பதும், 300-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபலைச் சற்றே தாண்டும், காதுக்கு அது எட்டுவதே கடினம் என்பதும்தான்.

பேஸ் பூஸ்டை ஏன் அணைக்கச் சொல்கிறேன் என்றால், 6 டெசிபல் கூட்டுவது அந்த அலைவரிசையில் நான்கு மடங்கு வாட் கேட்பதற்குச் சமம். 12 டெசிபல் என்றால் பதினாறு மடங்கு. கைபேசியில் ஒரு பூஸ்ட், ஹெட் யூனிட்டில் ஒரு பூஸ்ட், ஆம்ப்பில் ஒரு பூஸ்ட் என்று மூன்று இடத்தில் ஏற்றிவிட்டு, அதற்கும் மேலே யூடியூபில் 'பேஸ் பூஸ்டட்' என்று போட்டிருக்கும் பாடலை ஓட்டுகிறார்கள். அந்தப் பாடல்களில் பல, பதிவிலேயே தலை வெட்டுப்பட்டவை. நீங்கள் கெயினை எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் அவை காயிலை வாட்டும்.

காயில் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க, ஆறிய பிறகு இரண்டு காயில்களையும் பிரித்துத் தனித்தனியே ஓம் அளவில் பாருங்கள். 4 ஓம் காயில் பொதுவாக 3.2 முதல் 3.8 வரை காட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன என்று பொருள். பிறகு இரு கை விரல்களையும் கோனின் (முன்னும் பின்னும் அசையும் கூம்பின்) எதிரெதிர் ஓரங்களில் சமமாகப் பதித்து மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். மணல் உரசுவதைப் போல எதுவும் விரலுக்குத் தட்டுப்படக் கூடாது.

பவர் ஒயரையும் ஒருமுறை பாருங்கள். 500 வாட் எடுக்கும்போது ஆம்ப் 45 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரை மலிவாகப் போட்டிருந்தால் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். 14.4 வோல்ட் 12-ஆகக் குறைந்தால் பல ஆம்ப்களின் சக்தி நூற்றுக்கு 30 குறைகிறது, அதாவது 500 வாட் ஆம்ப் 350 வாட்டிலேயே அலையை வெட்டத் தொடங்கும். அசல் செம்பில் 4 கேஜ் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது சப்பைக் காப்பாற்றுவதற்காக அன்று, வண்டி தீப்பிடிக்காமல் இருப்பதற்காக.

பதில்: பெட்டிக்கணக்கு

'டக், டக்' சத்தத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அதற்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. அது கோன் தன் எல்லையைத் தாண்டிப் பயணித்து, காயிலின் அடிப்பகுதி காந்தத்தின் பின்தட்டில் மோதும் சத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆர்எம்எஸ் எண் வெப்பத்துக்கான எல்லையை மட்டுமே சொல்கிறது. கோன் எவ்வளவு தூரம் ஆடலாம் என்ற எல்லை தனியாக இருக்கிறது, அதைப் பெட்டிதான் தீர்மானிக்கிறது.

நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். 56 லிட்டர் பெட்டி, 4 அங்குல விட்டம், 8 அங்குல நீளம் என்றால் போர்ட் ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸில் சுருதி கூடியிருக்கிறது. அந்த 40-இல் ஒலியின் பெரும்பகுதியைக் குழாயில் ஆடும் காற்றே தருகிறது, கோன் மிகக் குறைவாகவே அசைகிறது. அதற்குக் கீழே போகப் போகக் குழாய் வெறும் ஓட்டையாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிப்பது நின்றுபோய், அது கட்டவிழ்ந்து ஆடத் தொடங்கும். 25 ஹெர்ட்ஸில் 400 வாட் சப் ஒன்று 100 வாட்டுக்கும் கீழேயே தன் எல்லையைத் தொட்டுவிடலாம். மூடிய பெட்டி என்றால் உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில்லைப் போலத் தடுக்கும், போர்ட் பெட்டியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே ஆம்ப்பில் மிகக் கீழான ஒலிகளைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டர் இருந்தால் அதை 32 முதல் 35 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். உங்கள் காதுக்கு இழப்பு எதுவும் தெரியாது, ஏனென்றால் அந்தப் பெட்டி 35-க்குக் கீழே உருப்படியான ஒலியைத் தருவதே இல்லை. ஆம்ப்பில் அந்த வசதி இல்லையென்றால் குழாயின் நீளத்தைக் கூட்டிச் சுருதியைக் கீழே இறக்கலாம், அல்லது ஹெட் யூனிட்டின் ஈக்வலைசரில் மிகக் கீழான பட்டையைக் குறைக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் இன்னொன்றும் உண்டு. 40 ஹெர்ட்ஸில் கோன் அசையவில்லை என்பதால் அங்கே ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். காந்தத்தின் நடுவே உள்ள துளை வழியாகக் காற்று உள்ளும் புறமும் போய்வருவதே காயிலின் குளிர்ச்சிக்கு ஒரு முக்கிய வழி. கோன் ஆடாவிட்டால் அந்தக் காற்றும் ஓடாது. போதாததற்கு, அதே அலைவரிசையில் சப்பின் மின்மறுப்பு (ஓமில் அளக்கும் எதிர்ப்பு) இறங்கி, ஆம்ப்பிலிருந்து சக்தி அதிகமாக இழுக்கப்படுகிறது. உங்கள் பெட்டியில் 35-க்குக் கீழே கோனுக்கு ஆபத்து, 40-ஐ ஒட்டிக் காயிலுக்கு ஆபத்து. அதனால் பட்டறைவாசி சொன்ன சோதனையில் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றச் சொன்னதைத் தவறாமல் செய்யுங்கள். சைன் ஒலியை சப்பில் முழுச் சத்தத்தில் ஓட்டிப் பார்ப்பதைப் போன்ற கொடுமை அதற்கு வேறில்லை. பெட்டிக் கணக்குக்கு உதவும் சப்பின் தீல்–ஸ்மால் அளவுகள் கையேட்டில் இருந்தால் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டு, எந்த அலைவரிசையில் எத்தனை வாட்டுக்கு கோன் எவ்வளவு ஆடும் என்பதை நீங்களே கோட்டுப்படமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பதில்: கொங்குச்சாலை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடி எல்லாவற்றையும் அளந்தேன். ஆறிய பிறகு காயில்கள் 3.5, 3.6 ஓம் காட்டுகின்றன. அழுத்திப் பார்த்ததில் உரசல் எதுவும் இல்லை. கெயினைத் தொடாமல், கடைக்காரர் வைத்துக் கொடுத்த நிலையிலேயே 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி அளந்தபோது 38 வோல்ட் காட்டியது, 2 ஓமுக்கு அது 700 வாட்டையும் தாண்டுகிறது. ஆம்ப்பில் பேஸ் பூஸ்ட் குமிழ் பாதிக்கு மேலே இருந்தது. இப்போது பூஸ்டை அணைத்து, 24.5 வோல்ட்டில் நிறுத்தி, சப்சோனிக் ஃபில்டரை 33-இல் வைத்துவிட்டேன். 'டக்' சத்தம் அடியோடு நின்றுவிட்டது, சேலம் வரை போய்வந்தும் பேஸ் மெலியவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் பழைய அதிர்வு சற்றுக் குறைந்தது போலத் தோன்றுகிறது. இதே போன்ற இன்னொரு சப்பை வாங்கி இதே ஆம்ப்பில் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: செம்புச்சுருள்

38 வோல்ட் என்றால் 500 வாட் ஆம்ப் அலையை வெட்டிக்கொண்டிருந்தது என்பதில் ஐயமில்லை. காயில் பிழைத்தது நல்ல காலம்.

இரண்டாவது சப்பைச் சேர்க்கலாம், ஆனால் இணைப்பில் கவனம் தேவை. நான்கு காயில்களையும் பேரலலாகக் கொடுத்தால் 1 ஓம் ஆகிவிடும், உங்கள் ஆம்ப் அதை ஏற்காது. ஒவ்வொரு சப்பின் காயில்களையும் சீரிஸில் 8 ஓம் ஆக்கி, இரு சப்களையும் பேரலலாக இணைத்தால் 4 ஓம் வரும். கையேட்டின்படி அதற்கு ஆம்ப் தருவது 300 வாட், ஆளுக்கு 150. இப்போது நீங்கள் கொடுக்கும் அதே 300 வாட்தான், ஆனால் கோன் பரப்பு இரட்டிப்பாவதால் ஒலி 3 டெசிபல் வரை கூடும், ஒவ்வொரு காயிலுக்கும் வெப்பம் பாதியாகிவிடும். ஒரே சப்பில் அதே 3 டெசிபலைப் பெற வேண்டுமானால் 600 வாட் கொடுத்தாக வேண்டும். 4 ஓமில் 300 வாட்டுக்கு வோல்ட் 34.6 என்பதால் கெயினைப் புதிதாக அளந்து வைக்க வேண்டியிருக்கும், அதையும் கொஞ்சம் குறைத்து 32-இல் நிறுத்துங்கள். பெட்டிக்கு இன்னொரு 56 லிட்டரும் இன்னொரு குழாயும் வேண்டும். ஹேட்ச்பேக் டிக்கியில் அதற்குப் பிறகு ஸ்டெப்னியை எடுக்க வழி இருக்குமா என்பதை மட்டும் தச்சரிடம் போவதற்கு முன் டேப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.